ஆதரவுக் கடிதமும் அமைச்சர் கையெழுத்தும்: மலேசியாவில் ஊழலும் பொருளாதாரச் சுதந்திரமும்

பொருளாதாரச் சுதந்திரம் என்பது சட்டமே இல்லாமல் வணிகம் செய்யும் உரிமை அல்ல. கடை திறக்க, ஆள் சேர்க்க, குத்தகை கேட்க, வங்கிக் கடன் வாங்க என்னென்ன நிபந்தனைகள் உண்டு என்பது செல்வாக்கே இல்லாத ஒருவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். அவற்றை நிறைவேற்றிவிட்டால் கேட்டது கிடைக்கும் என்று அவர் நம்பியிருக்கவும் முடிய வேண்டும். அப்படி முடிகிற நாட்டில்தான் பொருளாதாரச் சுதந்திரம் இருக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மக்கள் விதிமுறையைப் படிப்பதில்லை. யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று விசாரிக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறுதொழில் செய்யும் பலருக்கு இந்த விசாரிப்பு நன்கு பழக்கமானது.

ஊழல் என்றதும் கைமாறும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. பணம் கைமாறுவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே இரண்டு காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். காரணம் சொல்லாமல் ஒன்றைத் தரவும் மறுக்கவும் கூடிய அதிகாரம் ஒருவர் கைக்குப் போயிருக்கும். அவர் யாருக்கு, எந்த விலையில், என்ன நிபந்தனையில் கையெழுத்துப் போட்டார் என்பதை வெளியார் பார்க்க முடியாத ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கும். இந்த இரண்டும் இருக்கும்போது களவு நடந்தாலும் நடக்காவிட்டாலும் சாதாரண மனிதருடைய பொருளாதாரச் சுதந்திரம் பறிபோய்விட்டது. மலேசியாவின் பெரிய ஊழல் விவகாரங்களை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால், தனித்தனிக் குற்றங்களாகத் தோன்றியவை ஒரே நடைமுறையின் வெவ்வேறு வருடங்களாகத் தெரியும்.

அதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் கிள்ளானிலேயே இருக்கிறது. முன்பு பூலாவ் லுமுட் என்றழைக்கப்பட்ட பூலாவ் இண்டா தீவில் துபாயின் ஜெபல் அலியைப் போன்ற ஒரு தடையற்ற வணிக மண்டலம் அமைக்க 1990களின் இறுதியில் திட்டம் உருவாயிற்று. கிள்ளான் துறைமுக வாரியம் அதற்காக கோலா டிமென்சி என்ற தனியார் நிறுவனத்திடமிருந்து 2002-ல் சுமார் 1,000 ஏக்கர் நிலத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. விலை சதுர அடிக்கு 25 ரிங்கிட். மொத்தம் 108 கோடியே 80 லட்சம் ரிங்கிட். அதைத் தவணையாகச் செலுத்தும்போது வட்டி தனி. அதே நிலத்தை அந்த நிறுவனம் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கும் குறைவான விலையில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பெற்றிருந்தது.

இங்கே ஒரு முடிவை நின்று கவனிக்க வேண்டும். நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த இடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம், செலவு வெகுவாகக் குறையும் என்று நிதியமைச்சும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகமும் ஆலோசனை கூறியிருந்தன. அந்த ஆலோசனை ஏற்கப்படவில்லை. பொதுத் தேவைக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் சட்டம் சிறு நில உரிமையாளர்கள் மீது தயங்காமல் பாய்கிறது. பொதுப் பணத்தில் நூறு கோடி ரிங்கிட்டுக்கு மேல் போகும் இடத்தில் மட்டும் அது பயன்படாமல் போனது. நாட்டின் பொருளாதாரம் யாருக்கு எப்படி வளைகிறது என்பதை இந்த ஒரு முடிவு காட்டிவிடுகிறது.

அடுத்து வந்தது ஆதரவுக் கடிதம். திட்டத்துக்குப் பணம் திரட்ட அந்த நிறுவனத்தின் சார்பில் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றுக்குப் பின்பலமாகப் போக்குவரத்து அமைச்சர்களாக அடுத்தடுத்து இருந்த இருவர் நான்கு ஆதரவுக் கடிதங்கள் கொடுத்தார்கள். அரசாங்கத்தின் பெயரில் உத்தரவாதம் தரும் அதிகாரம் நிதியமைச்சுக்கு மட்டுமே உண்டு. ஆனால் சந்தை அந்தக் கடிதங்களை அரசாங்க உத்தரவாதமாகவே எடுத்துக்கொண்டு பத்திரங்களுக்கு உயர்ந்த தரம் கொடுத்தது. முதலீட்டாளர்களுக்குப் பணம் போகாவிட்டால் நாட்டின் பெயர் கெடும் என்ற நிலை வந்தபோது, கொடுக்கக்கூடாத கடிதத்துக்காக 2007-ல் அரசாங்கம் 460 கோடி ரிங்கிட் அளவுக்குக் கடன் கொடுத்துத் துறைமுக வாரியத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மண்டலத்தை நடத்த வந்த ஜெபல் அலி நிறுவனம் அதே ஆண்டு விலகிக்கொண்டது.

பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் தயாரித்த ஆய்வறிக்கை 2009 மே மாதம் வெளியானது. திட்டச் செலவு 352 கோடி, வட்டியோடு சேர்த்தால் 745 கோடி, வாரியம் தவணை தவறினால் 1,245 கோடி ரிங்கிட் வரை போகலாம் என்று அது கணக்கிட்டது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் லிங் லியோங் சிக் 2010-ல் ஏமாற்றுக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 2013 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருக்குப் பின்வந்த அமைச்சர் மீதான வழக்கும் தண்டனையில் முடியவில்லை. சட்டப்படி அவர்கள் குற்றமற்றவர்கள். அதை மதித்தே பேச வேண்டும். ஆனால் குற்றவாளி எவரும் இல்லாமலேயே பொதுப் பணம் இந்த அளவுக்குச் சிக்கிக்கொள்ள முடிகிறது என்றால், நோய் ஆட்களிடம் மட்டும் இல்லை, கையெழுத்து அதிகாரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். இனத்தையும் தொழிலையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்த காலனிக்கால அமைப்பைக் கலைப்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான நோக்கங்கள். 1970-ல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. 1990-க்குள் அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. அதைச் சாதனை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

சிக்கல் இரண்டாவது நோக்கத்தை நிறைவேற்றிய முறையில் வந்தது. பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும்) 30 விழுக்காடு பங்குடைமை என்ற இலக்கை எட்ட, பங்கு ஒதுக்கீடு, குத்தகை, உரிமம், இறக்குமதி பெர்மிட் ஆகியவை அமைச்சர்களின் மேசைக்குப் போயின. யார் தகுதியுள்ள தொழில்முனைவர் என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் அங்கேயே தங்கியது. கிராமத்து மலாய்க்காரரும் தோட்டத்துத் தமிழரும் புதுக்கிராமத்துச் சீனரும் அந்த மேசைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அரசாங்கக் கணக்கின்படி பங்குடைமையில் இந்தியர்களின் பகுதி 1970-ல் 1.1 விழுக்காடு, 20 ஆண்டுகள் கழித்து 1990-ல் 1 விழுக்காடு.

1983-ல் பிரதமர் மகாதீர் அறிவித்த தனியார்மயத்தில் இந்தப் பழக்கம் பெரிய அளவை எட்டியது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகை ஆளுங்கட்சியான அம்னோவோடு தொடர்புள்ள நிறுவனத்துக்குப் போனபோது எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் நீதிமன்றம் போனார். அந்த வழக்கைத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று 1988-ல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லிவிட்டது. சாலைக்கட்டணம் செலுத்தும் குடிமகனுக்கு அந்தக் குத்தகையைக் கேள்வி கேட்கும் வழி அன்றோடு மிகவும் குறுகிப்போனது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் கூட்டரசு நெடுஞ்சாலையின் சுங்கை ராசாவ், பத்து தீகா சாவடிகளில் 2017 முடியும்வரை டோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2007 ஜனவரியில் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலைக் கட்டணம் 1 ரிங்கிட்டிலிருந்து 1.60 ஆக உயர்ந்தது. அந்தச் சாலையின் ஒப்பந்த விவரங்களை எதிர்க்கட்சியினர் பகிரங்கப்படுத்தினார்கள். அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். ஒரு சாலைக்கு மக்கள் எவ்வளவு காலம், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு நாட்டின் இராணுவ இரகசியம்போல் காக்கப்பட்டது.

அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி இதே பாதையின் உச்சம். அந்த நிறுவனத்தின் முக்கிய முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று அதன் அமைப்பு விதியின் 117-வது பிரிவு சொன்னது. நஜிப் ரசாக் அப்போது பிரதமர், நிதியமைச்சரும் அவரே, நிறுவனத்தின் ஆலோசனை மன்றத் தலைவரும் அவரே. கேட்பவர், பரிசீலிப்பவர், ஒப்புதல் தருபவர் மூவரும் ஒருவராக இருந்த இடத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கணக்குச் சொன்னது. 2016-ல் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைக்கும் இரகசிய முத்திரை குத்தப்பட்டது. 2018 மே தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் அது வெளியே வந்தது.

1எம்டிபியின் கிளை நிறுவனமாகத் தொடங்கிய எஸ்ஆர்சி இண்டர்நேஷனலுக்கு அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான குவாப் 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்திருந்தது. ரயில்வே, தபால், மருத்துவமனை, பொதுப்பணித்துறை என்று அரசாங்க வேலையில் முதுகு வளைத்தவர்களின் முதுமைக்கான பணம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பழைய குடும்பங்களில் பல அந்த ஓய்வூதியத்தில் வாழ்ந்தவை. எஸ்ஆர்சியின் பணத்தில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் நஜிப்பின் சொந்தக் கணக்குக்குப் போனது தொடர்பில் 2020 ஜூலை 28-ல் உயர்நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2022 ஆகஸ்ட் 23-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, அவர் காஜாங் சிறைக்குப் போனார். 2024-ன் தொடக்கத்தில் மன்னிப்பு வாரியம் சிறையை 6 ஆண்டாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது. அந்தக் குறைப்புக்கு மக்களிடம் விளக்கம் எதுவும் வைக்கப்படவில்லை. 1எம்டிபி பணத்தில் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 'இக்குவனிமிட்டி' உல்லாசக் கப்பல் 2018 ஆகஸ்டில் மீட்டுக் கொண்டுவரப்பட்டு நின்ற இடம், தடையற்ற மண்டலம் இருக்கும் அதே பூலாவ் இண்டா. 25 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட கப்பல் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

தேசிய அரசியலில் நடந்ததைச் சொல்லிவிட்டு இந்தியச் சமூகத்துக்குள் நடந்ததைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மையாகிவிடும். 1980களின் தொடக்கத்தில் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைமையில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. தேசியப் பொருளாதாரத்தில் இந்தியர் பங்கை உயர்த்துவதாகச் சொல்லி 66,000-க்கும் மேற்பட்டோரிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டப்பட்டது. பங்கு வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் தோட்டப் பாட்டாளிகளும் நகரத்துக் கூலித் தொழிலாளர்களும். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிய பெண்களின் கதை அந்தத் தலைமுறையின் குடும்பங்களில் இன்னும் சொல்லப்படுகிறது.

1990-ல் டெலிகோம் மலேசியா பங்குச் சந்தைக்கு வந்தபோது நிதியமைச்சு மைக்காவுக்கு 1 கோடி பங்குகளை ஒதுக்கியது. மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது 10 லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. முழுவதையும் வாங்க மைக்காவிடம் நிதி இல்லை என்பது கட்சித் தலைமை தந்த விளக்கம். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. ஆக, குற்றம் நடந்தது என்று சொல்ல இடமில்லை. ஆனால் 66,000 பேரின் பெயரில் வந்த ஒதுக்கீட்டை வேறு இடத்துக்குத் திருப்பும் முடிவை அந்த 66,000 பேரில் ஒருவரிடமும் கேட்காமல் எடுக்க முடிந்தது. அதுதான் இந்த விவகாரத்தில் மறக்கக்கூடாத செய்தி. பணம் கட்டிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 2010-ல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தபோது, 1 ரிங்கிட் போட்டவர்களில் பலர் அதுவாவது கிடைத்ததே என்று பெற்றுக்கொண்டார்கள். இடையே விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதைச் சேர்த்தால் இழப்பு 20 சென்னோடு நிற்பதில்லை.

இதே சமூகம் மைக்காவுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு வேறொன்றையும் செய்து காட்டியிருந்தது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் ஊழியர்களும் தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாளிகளின் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தவணையாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். சம்பந்தனும் ம.இ.கா. தலைவர்தான், அமைச்சர்தான். ஆகவே கட்சித் தலைவர் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும் என்ற முடிவு பொருந்தாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டுறவில் பணம் எந்த மண்ணாக மாறியது என்பதை உறுப்பினர் நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. எத்தனை பங்கு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுதான். சங்கத்தின் சொத்து அரசாங்க ஒதுக்கீட்டால் வரவில்லை, உறுப்பினர் சேமிப்பால் வந்தது. மைக்காவில் முதல் இரண்டும் தலைகீழாயின; மூன்றாவதில் உறுப்பினர் சேமிப்போடு அரசாங்க ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது.

2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமைக்குப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்டவர்களை, கண்ணீர்ப்புகைக்கும் இரசாயன நீருக்கும் நடுவே நிற்கவைத்த கோபத்தில் கோயில் உடைப்பும் வேலையின்மையும் மட்டும் இல்லை. இடைத்தரகராகிப்போன தலைமையின் மீதான வெறுப்பும் இருந்தது. அடுத்த மார்ச் தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். பிறகு இந்தியச் சமூகத்துக்கு மானியம் தரும் செடிக் என்ற அரசாங்கப் பிரிவு வந்தது, 2018-க்குப் பின் அது மித்ரா ஆயிற்று, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. மானியம் பெற்ற நிறுவனங்கள் சில பொய்க் கணக்குக் காட்டியதாக மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் கைதுகள் வரை போயிற்று. பிரதமர் மாறும்போதும் அமைச்சு மாறும்போதும் மித்ரா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. எந்த அமைப்பு எதற்காக எவ்வளவு பெற்றது, எத்தனை பேர் உண்மையில் பயன்பெற்றார்கள் என்பதை ஒரு சாதாரணத் தாய் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் தொடர்ந்து வெளியிடும் கடமை மட்டும் சட்டமாகவில்லை.

சிறுதொழில் மட்டத்தில் இந்த நடைமுறை என்ன செய்கிறது என்பதை ஒரு முடிதிருத்தும் கடையில் நின்று பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனின் பக்கத்துத் தெருக்களிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் துணிக்கடை, நகைக்கடைகளுக்கு நடுவிலும் இந்தக் கடைகள் உண்டு. நான்கு நாற்காலி போட்ட கடையில் இரண்டில்தான் வேலை நடக்கிறது. மீதி இரண்டுக்கு ஆள் இல்லை. உள்ளூர் இளைஞர்கள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்கப் பல ஆண்டுகள் அனுமதி இல்லை. ஜவுளி, பொற்கொல்லர், முடிதிருத்தும் தொழில்கள் மூன்றுக்கும் புதிதாக அந்நியத் தொழிலாளர் எடுப்பது 2009-ல் நிறுத்தப்பட்டது. 2023 செப்டம்பரில் இந்த மூன்றுக்குமாக 7,500 பேர் என்று ஓர் அறிவிப்பு வந்தது. 14 ஆண்டுகளில் எத்தனை கடைகள் மூடப்பட்டன, எத்தனை உரிமையாளர்கள் வேறு துறைக்கென்று வந்த தொழிலாளியைச் சட்டவிரோதமாக வைத்துக்கொண்டு அமலாக்க அதிகாரியைக் கண்டாலே நடுங்கினார்கள் என்பதைப் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர் தேவையா என்பது விவாதத்துக்குரிய கேள்வி. உள்ளூர்ச் சம்பளம் உயராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வாதிடுவோர் பக்கம் வலு இருக்கிறது. ஆனால் இங்கே நடந்தது கொள்கை அல்ல. ஒரு கடைக்கு எத்தனை பேர், எந்தத் தகுதியில், எத்தனை நாளில் என்று எழுதி வைத்து, சேவைத் துறைக்கான லெவியைக் கட்டினால் அனுமதி என்றிருந்தால் அது விதி. ஒவ்வோர் ஆண்டும் சங்கத்துத் தலைவர்கள் மாலையோடு அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுக்க வேண்டும் என்றிருந்தால் அது வேறு. அந்த மனுவுக்கும் அனுமதிக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் ஏஜெண்ட் முளைக்கிறார், கோப்பிக் காசு என்ற பெயரில் லஞ்சம் புழங்குகிறது. அந்நியத் தொழிலாளியின் தலைமேல் ஏறும் கடனும் அங்கேதான் பிறக்கிறது.

நிலத்திலும் இதே கதைதான். கோலாலம்பூர் புக்கிட் கியாராத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, அங்கே வேலை செய்த குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் நீளவீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்று சொன்ன அந்த வீடுகளில் நாற்பது ஆண்டு போயிற்று. அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, 2017-ல் தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் 12 ஏக்கரில் உயரமான அடுக்குமாடிகள் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்தது. பெரும்பகுதி விற்பனைக்கான ஆடம்பர வீடுகள்; தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு மூலை. திட்டத்தில் பங்கேற்ற கூட்டரசுப் பிரதேச அறக்கட்டளையில் மாநகர் தலைவரும் அறங்காவலராக இருந்தார். அனுமதி கேட்ட பக்கத்திலும் கொடுத்த பக்கத்திலும் அவரே இருந்தார். பக்கத்திலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. நகரக் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகும்போது காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. மலேசிய நிர்வாகச் சட்டத்தில் இது பெரிய தீர்ப்பு. ஏழைக் குடும்பங்களின் வீட்டுத் தேவையைக் கேடயமாக்கிப் பொது நிலத்தைக் கைமாற்றும் தந்திரத்துக்கு அது தடை போட்டது.

இத்தகைய கையெழுத்துகளைத் தடுக்க வேண்டிய நிறுவனங்களும் கையெழுத்தில்தான் தொங்குகின்றன. கூட்டரசு அரசியலமைப்பின் 145-வது பிரிவின்படி சட்டத்துறைத் தலைவர் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். அரசாங்கத் தரப்பு வழக்குகளைத் தொடுக்கவும் நடத்தவும் கைவிடவும் அதிகாரம் உள்ளவரும் அவரே. 2015 ஜூலையில் 1எம்டிபி விசாரணை நெருங்கியபோது சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவருக்குப் பின்வந்த அபாண்டி அலி 2016 ஜனவரியில், நஜிப் மீது குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை என்று அறிவித்தார். 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஸாகிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகளில், எதிர்வாதம் செய்ய நீதிமன்றம் ஏற்கெனவே அழைத்திருந்த நிலையில், அரசாங்கத் தரப்பின் கோரிக்கையால் வழக்கு நிறுத்தப்பட்டது. முதல் இரண்டும் தேசிய முன்னணி ஆட்சியில் நடந்தவை, மூன்றாவது சீர்திருத்தம் பேசி வந்த ஆட்சியில். ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைமை ஆணையரையும் பிரதமரின் ஆலோசனையின்படியே மாமன்னர் நியமிக்கிறார்.

டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் உணர்வுக் குறியீட்டில் மலேசியா 2014-ல் 52 புள்ளி, 2019-ல் 53, 2022-ல் 47, 2024-ல் 50. இந்தப் பத்தாண்டில் நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது. புள்ளி 50-ஐச் சுற்றியே நிற்கிறது. நல்லவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி தப்பியோடிய அவமானத்துக்குப் பிறகு 1974-ல் ஊழல் எதிர்ப்பு ஆணையம் போலீஸிலிருந்து பிரித்துத் தனியாக அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த ஊரின் அன்றாட லஞ்சம் வெகுவாக அடங்கியது. அங்கே மக்கள் திடீரென்று உத்தமர்களாகிவிடவில்லை. பிடிப்பவரைப் பிடிபடுபவர் நியமிக்கும் ஏற்பாடு உடைக்கப்பட்டது.

மலேசியாவில் செய்ய வேண்டியவை தெரியாத காரியங்கள் அல்ல. அரசாங்க வழக்கறிஞர் பதவியைச் சட்டத்துறைத் தலைவரிடமிருந்து பிரிப்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகிறது. கட்சிகளுக்கு வரும் நன்கொடையைக் கணக்கில் கொண்டுவரும் அரசியல் நிதிச் சட்டத்தை எல்லா அணிகளும் வாக்குறுதியில் வைத்திருக்கின்றன. பிரதமரே நிதியமைச்சராகவும் இருக்கும் வழக்கம் 2001-ல் மகாதீர் தொடங்கி அப்துல்லா, நஜிப் வரை தொடர்ந்தது, 2018-ல் விட்டது, 2022-ல் அன்வாரோடு திரும்பி வந்தது. 1எம்டிபிக்குப் பிறகும் அந்த இரண்டு பதவிகளும் ஒருவரிடம் இருக்கலாகாது என்று சட்டம் செய்யாதது பெரும் தவறு. இதை இன்றைய பிரதமரின் நேர்மையைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்து வருபவர் யாரென்று எவருக்கும் தெரியாது. 2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. கொள்முதலுக்கென்று ஒரு சட்டம் வந்தது முன்னேற்றம்தான். ஆனால் நிதியமைச்சருக்கும் மாநிலங்களில் மந்திரி பெசார்களுக்கும் அது பரந்த அதிகாரம் தருகிறது என்ற விமர்சனத்தைப் புறக்கணிக்க முடியாது. விதிவிலக்குத் தரும் ஒவ்வொரு முறையும் பெறுபவர் பெயர், தொகை, காரணம் மூன்றையும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் பழைய மேசை புதிய சட்டத்துக்குள்ளும் இடம்பிடித்துவிடும்.

எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்பட்டது உள்ளாட்சி. கடை உரிமம், கட்டட வரைபடம், அங்காடி இடம், கார் நிறுத்துமிடக் குத்தகை என்று சாதாரண மனிதர் அரசாங்கத்தைச் சந்திப்பதெல்லாம் அங்கேதான். 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. உள்ளாட்சியை ஆராய அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்று 1968-ல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ன் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை முற்றாக நீக்கிவிட்டது. நாட்டின் மக்களாட்சிக்கு ஒரு தமிழர் ஆற்றிய முக்கியமான பணிகளில் ஒன்றான அந்த அறிக்கையைத் தமிழர்களே பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அதன் விளைவைக் கிள்ளான் 2006-ல் கண்ணால் பார்த்தது. கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரே சமயத்தில் இருந்த ஜக்காரியா முகமட் டெரோஸ், பண்டமாரானில் மாளிகை போன்ற வீட்டைக் கட்டட வரைபட அனுமதி இல்லாமலேயே எழுப்பியிருந்தார். வீட்டின் பின்புறம் ஒரு அடுப்படியை நீட்டிக் கட்டினாலே நோட்டீஸ் ஒட்டும் கழகத்தின் உறுப்பினர் அவர். பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் அவர் கழகப் பதவியை விட்டு விலகினார். வட்டாரத்து மக்களுக்கு அவரை அந்தப் பதவியில் வைக்கவோ நீக்கவோ ஓட்டு இல்லை. இப்போது அரச மாநகராட்சியாகிவிட்ட கிள்ளானின் உறுப்பினர்களும் நியமனத்தில்தான் வருகிறார்கள்.

ஆயினும் கிள்ளான்காரருக்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது. சிலாங்கூர் சட்டமன்றம் 2011-ல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத் துறைகளிடமும் உள்ளாட்சி மன்றங்களிடமும் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு அதுவும் இல்லை. கோலாலம்பூரில் தேர்தல் 1960-ன் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தோடு போனது. மாநகர் தலைவர் கூட்டரசு அரசாங்கத்தால் நியமிக்கப்படுகிறார். கூட்டரசு அளவில் தகவல் பெறும் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 1972-ன் இரகசியச் சட்டம்தான் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் கடை வைத்திருப்பவர், பக்கத்து மனையில் எழும் கட்டடத்துக்கு அனுமதி எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற ஆவணத்தைக் கேட்டு வாங்க, கிள்ளானில் கடை வைத்திருப்பவருக்குள்ள உரிமைகூட இல்லாமல் இருக்கிறார்.